எனக்கப்புறம் என் பிள்ளைக்கு என்ன வழி?

ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கு ஏற்ற வேலை: குழுக்கள் என்ன செய்யலாம்?



மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு பஞ்சாயத்தில் கூட்டமைப்புக் கூட்டம் நடந்தது. சேமிப்பு, உள்கடன், தவணை பாக்கி எல்லாம் பேசி முடித்து, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நேரம். பின்வரிசையில் இருந்த ஒரு அக்கா எழுந்து நின்றார்.

“ஆடு வளருங்க, மாடு வளருங்க, தையல் படிங்கன்னு எல்லாருக்கும் வழி சொல்றீங்க. என் மகனுக்கு இருபது வயசாச்சு. ஆட்டிசம்னு சொல்லிட்டாங்க. பள்ளிக்கூடம் போனவரைக்கும் டீச்சருங்க பாத்துக்கிட்டாங்க. இப்ப வீட்லயே உக்காந்திருக்கான். எனக்கப்புறம் அவனுக்கு என்னங்க வழி?”

கூட்டம் அமைதியாகிவிட்டது. அன்று எங்களிடமும் பதில் இல்லை. அதற்குப் பிறகு அந்த அக்காவோடும், அவர் மகனோடும், இன்னும் சில குடும்பங்களோடும் பழகித்தான் நாங்கள் சிலவற்றைக் கற்றுக்கொண்டோம். தவறுகளும் செய்தோம். அதையெல்லாம் இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம். ஊர், பெயர் வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

ஆட்டிசம் என்றால் என்ன?

ஆட்டிசம் நோய் அல்ல. பைத்தியமும் அல்ல. மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே உள்ள வித்தியாசம். அரசு அலுவலகங்களில் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று எழுதுகிறார்கள். பத்திரிகைகளில் ‘மதி இறுக்கம்’ என்று போடுகிறார்கள். ஆனால் இவர்களில் பலர் வெளி உலகத்தை நம்மைவிட அதிகமாகவே கவனிக்கிறார்கள். அதனால் நாம் ஆட்டிசம் என்றே சொல்லுவோம்.

பெரியவர்களிடம் இது எப்படித் தெரியும்? எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது. பொதுவாகச் சிலவற்றைச் சொல்லலாம்.

• முகத்தைப் பார்த்துப் பேசுவது சிரமமாக இருக்கும். சிலர் பேசவே மாட்டார்கள். சிலர் தனக்குப் பிடித்த ஒரே விஷயத்தை நிறுத்தாமல் பேசுவார்கள்.

• சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். “இங்கயே நில்லு, இப்ப வந்துர்றேன்” என்று சொல்லிவிட்டு மறந்து போனால், ஒரு மணி நேரம் ஆனாலும் அங்கேயே நிற்பார்கள். ஜாடைமாடையாகச் சொன்னால் புரியாது.

• தினமும் நடப்பது அதே நேரத்தில், அதே மாதிரி நடக்க வேண்டும். திடீரென்று மாறினால் தவித்துப் போவார்கள்.

• சத்தம், வெளிச்சம், வாசனை, உடம்பில் படும் துணி இவையெல்லாம் சிலருக்குத் தாங்க முடியாத தொந்தரவாக இருக்கும். காதைப் பொத்திக்கொள்வது, கையை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது எல்லாம் அந்தத் தவிப்பை அடக்கிக்கொள்ள அவர்கள் செய்வது.

சிலருக்கு அறிவு வளர்ச்சிக் குறைவும் சேர்ந்திருக்கும். சிலர் பட்டப்படிப்பே முடித்திருப்பார்கள். பெண் பிள்ளைகளிடம் பெரும்பாலும் இதைக் கண்டுபிடிப்பதே இல்லை. “அடக்கமான பொண்ணு, யார்கிட்டயும் பேசாது” என்று விட்டுவிடுகிறோம்.

ஒரு முக்கியமான விஷயம். இது தாய் செய்த பாவமும் இல்லை, கிரகண தோஷமும் இல்லை. வளர்ப்பு சரியில்லாததாலும் வருவதில்லை. தடுப்பூசியால் வருகிறது என்று 1998-இல் இங்கிலாந்தில் ஒரு டாக்டர் எழுதிய கட்டுரை தவறானது என்று 2010-இல் அந்தப் பத்திரிகையே திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடாமல் இருந்துவிடாதீர்கள். ‘ஆட்டிசத்தைக் குணமாக்குகிறோம்’ என்று பணம் கேட்பவர்களிடமும் ஏமாறாதீர்கள். ஆட்டிசம் உள்ள குழந்தை வளர்ந்தால் ஆட்டிசம் உள்ள பெரியவராகத்தான் இருக்கும். அந்தப் பெரியவருக்கு நல்ல வாழ்க்கை அமைத்துக் கொடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

நாங்கள் செய்த தவறு

அந்த அக்காவின் மகனை உறவினர் ஒருவர் முதலில் நூல் மில்லுக்கு அழைத்துப் போயிருந்தார். மிஷின் சத்தம் தாங்காமல் நாலாம் நாள் ஓடி வந்துவிட்டான். அடுத்து ஒரு ஓட்டலில் மேஜை துடைக்கும் வேலை. கூட்டம் வந்தால் ஒரே நேரத்தில் நாலு பேர் நாலு வேலை சொல்வார்கள். ஒரு நாள் தட்டைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதிருக்கிறான். “சோம்பேறி, வேலைக்கு வணங்க மாட்டான்” என்று பெயர் வந்துவிட்டது.

நாங்களாவது யோசித்தோமா என்றால் இல்லை. அந்தச் சமயத்தில் எங்களிடம் பினாயில் தயாரிப்புப் பயிற்சி இருந்தது. இருந்த பயிற்சியில் அவனையும் சேர்த்துவிட்டோம். ஒரு மண்டபம், நாற்பது பேர், மைக் சத்தம், பினாயில் நெடி. பதினொரு மணிக்கே எழுந்து வெளியே போய்விட்டான். நாங்கள் அறிக்கையில் ‘பயிற்சியாளருக்கு ஆர்வம் இல்லை’ என்று எழுதினோம். இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தப்பு அவனுடையது இல்லை. அவனுக்கு என்ன ஒத்துவரும் என்று கேட்காமல், எங்களிடம் என்ன இருக்கிறதோ அதைக் கொடுத்தோம்.

சரியான கேள்வியைக் கேட்டவர் அந்தக் குழுவின் ஊக்குநர்தான். “அக்கா, யாரும் ஒண்ணும் சொல்லாம இருந்தா உன் பையன் தன்னால என்ன செய்வான்?”

அந்த அக்கா சிரித்துக்கொண்டே, “என்னத்த செய்வான், புளியங்கொட்டைய அள்ளி வச்சுக்கிட்டுப் பெருசு தனியா, சிறுசு தனியா வரிசை கட்டுவான். பொழுதன்னைக்கும் அதுதான். நான்தான் திட்டிக்கிட்டே இருப்பேன்” என்றார்.

நாத்துப் பண்ணையில் நடந்தது

அந்த ஊரில் இரண்டு குழுக்கள் சேர்ந்து நாத்துப் பண்ணை நடத்துகிறார்கள். செம்மண், மணல், தொழுஉரம் கலந்து பையில் நிரப்ப வேண்டும். பத்துப் பத்தாக வரிசையில் அடுக்கி, விதை ஊன்றி, முளைத்ததையும் முளைக்காததையும் எண்ண வேண்டும். மரத்தடி நிழல், நாலைந்து பெண்கள், பெரிய சத்தம் இல்லை. “புளியங்கொட்டை அடுக்குறவன் பை அடுக்க மாட்டானா?” என்று ஊக்குநர் அழைத்துப் போனார்.

முதல் நாளே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். மோட்டார் போட்டதும் காதைப் பொத்திக்கொண்டு ஓடினான். அவன் உட்காரும் இடத்தைப் பண்ணையின் அடுத்த கோடிக்கு மாற்றினார்கள். மோட்டார் போடும் முன்பு ஒரு குரல் கொடுத்தார்கள். இரண்டாவது வாரம் நாத்து ஏற்ற திடீரென்று லாரி வந்தது. அவன் அடுக்கிய வரிசையை ஆட்கள் கலைத்ததும் கத்தித் தலையில் அடித்துக்கொண்டான். “இதுக்குத்தான் நான் அப்பவே வேண்டாம்னேன்” என்று இரண்டு பேர் சொன்னார்கள். வேலை அன்றோடு நின்றிருக்கும்.

ஆனால் குழுவினர் உட்கார்ந்து பேசினார்கள். அவனைத் தவிக்க வைத்தது வேலை இல்லை, சொல்லாமல் வந்த மாற்றம் என்று புரிந்தது. ஒரு பழைய கரும்பலகையை மரத்தில் கட்டினார்கள். இன்றைய வேலை என்ன, முதலில் எது, அடுத்து எது, எத்தனை மணிக்கு முடியும் என்று காலையிலேயே எழுதிவிடுவார்கள். லாரி வருவதாக இருந்தால் முந்தின நாள் மாலையே அவனிடம் சொல்லிவிடுவார்கள். இதற்குச் செலவு ஒரு சாக்பீஸ் பெட்டிதான். “போர்டு வந்தப்புறம் எங்களுக்கும் வேலை ஒழுங்கா நடக்குது” என்று மற்ற பெண்கள் சொல்கிறார்கள்.

மற்றவர்களைவிட அவன் கொஞ்சம் மெதுவாகத்தான் பை நிரப்புவான். ஆனால் நிரப்பிய பை சாயாது. இலை மஞ்சளாக மாறுவதை முதலில் பார்ப்பவன் அவன்தான். எந்த வரிசையில் எத்தனை முளைத்தது என்று நோட்டைப் பார்க்காமல் சொல்லுவான்.

ஒரு வருடம் கழித்து நாங்கள் ஆர்வக் கோளாறில், “சந்தையில நாத்து விக்க வர்றியாப்பா?” என்று கேட்டோம். “வேண்டாம்” என்றான். சந்தை சத்தம் அவனுக்கு ஆகாது. ஆனால் அடுத்த மாதமே, மாங்கன்று ஒட்டுக் கட்டுபவர் பக்கத்தில் போய் உட்கார ஆரம்பித்தான். மூன்று மாதம் வெறுமனே பார்த்தான். இப்போது அவனே கட்டுகிறான். இதிலிருந்து நாங்கள் கற்றது: அவர்களுக்கும் அடுத்த படி ஏறும் ஆசை உண்டு. எந்தப் படி என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கணக்கு எழுதும் பெண்

இன்னொரு ஊரில் ஒரு பெண்ணுக்கு இருபத்தி ஆறு வயதில்தான் ஆட்டிசம் என்று தெரிந்தது. பன்னிரண்டாவது வரை படித்தவர். பனியன் கம்பெனிக்குப் போனார். தையலில் பிசிறு இருக்காது. ஆனால் சூப்பர்வைசர் கத்தினால் கை உறைந்து போகும். டீ இடைவேளையில் எல்லாரும் சேர்ந்து பேசும்போது இவர் ஒதுங்கி நிற்பதைப் பார்த்து ‘திமிரு’ என்றார்கள். எட்டு மாதத்தில் வேலையை விட்டார். வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள்.

இந்தப் பெண்ணுக்குத் தேதி, தொகை எதுவும் மறக்காது. அம்மா எந்தத் தேதியில் எவ்வளவு தவணை கட்டினார் என்று பாஸ் புத்தகம் பார்க்காமல் சொல்லுவார். இன்று மூன்று குழுக்களுக்குக் கணக்கு எழுதுகிறார். கூட்டத்துக்கு வருவதில்லை, கூட்டம் அவருக்கு ஆகாது. கூட்டம் முடிந்ததும் பிரதிநிதி சீட்டில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்பார். மறுநாள் பேரேடு சுத்தமாக வந்துவிடும். ஒரு குழுவில் ஐம்பது ரூபாய் இடித்தபோது, கூட்டித் தள்ளிவிட மறுத்து, நாலு மாதத்துக் கணக்கைப் புரட்டித் தப்பைக் கண்டுபிடித்தார்.

“வேலை பிடிச்சிருக்காம்மா?” என்று கேட்டோம். சற்று நேரம் கழித்து, “இங்க யாரும் கத்தறதில்ல. கணக்கு சரியா வந்தா சந்தோஷமா இருக்கு” என்றார். மனநிறைவான வேலை என்றால் என்ன என்று கேட்டால் இதைவிட நல்ல பதில் எங்களுக்குத் தெரியவில்லை.

மாடு மிரள்வது ஏன் என்று கண்ட பெண்மணி

அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்று ஒரு பேராசிரியை இருக்கிறார். 1947-இல் பிறந்தவர். நாலு வயது நெருங்கும்வரை பேச்சு வரவில்லை. அவருக்கு ஆட்டிசம். எதையும் வார்த்தையாக யோசிக்காமல் படம் படமாக யோசிப்பதாக அவரே எழுதியிருக்கிறார்.

அத்தையின் மாட்டுப் பண்ணைக்குப் போனபோது மாடுகள்மேல் பிரியம் வந்தது. பெரிய பண்ணைகளிலும் இறைச்சிக் கூடங்களிலும் மாடுகளை ஓட்டிப் போகும் பாதையில் அவை மிரண்டு நின்றுவிடும். ஆட்கள் அடித்து ஓட்டுவார்கள். இவர் அந்தப் பாதைக்குள்ளேயே இறங்கி, மாட்டின் கண் உயரத்தில் பார்த்தார். தரையில் விழும் நிழல், தொங்கும் சங்கிலி, வேலியில் யாரோ போட்ட கோட்டு, தண்ணீரில் மின்னும் வெளிச்சம். இவைதான் காரணம். நம் வீட்டு மாடும் கொடியில் புதிதாகத் துணி தொங்கினால் மிரளுகிறதே! மாடு மிரளாமல் நடக்க வளைந்த பாதைகளை அவர் வடிவமைத்தார். அந்த நாட்டில் பல இடங்களில் இன்று அந்த முறைதான்.

வேலை தேடும் காலத்தில் அவர் தன்னைப் பற்றிப் பேசிப் புரியவைக்க முயலவில்லை. தான் வரைந்த வரைபடங்களை எடுத்துக் காட்டினார். ஆளைப் பார்த்து ஒதுக்கியவர்கள் வேலையைப் பார்த்து மதித்தார்கள். இது நமக்கும் பாடம். உங்கள் பிள்ளைக்கு வேலை கேட்கப் போகும்போது ஆட்டிசத்தைச் சொல்லிக் கெஞ்சாதீர்கள். அவன் அடுக்கிய பையை, அவள் எழுதிய கணக்கை, பின்னிய கூடையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

எஸ்.ஏ.பி. என்ற ஜெர்மன் கம்ப்யூட்டர் நிறுவனம் ஆட்டிசம் உள்ளவர்களை வேலைக்கு எடுக்க 2013-இல் தனித் திட்டமே அறிவித்தது. நல்ல விஷயம்தான். ஆனால் ஆட்டிசம் உள்ள எல்லாரும் மேதைகள், கம்ப்யூட்டர் புலிகள் என்று நினைத்துவிடக் கூடாது. உங்கள் பிள்ளைக்கு அபூர்வத் திறமை எதுவும் இல்லாமல் இருக்கலாம். அப்போதும் அவனுக்குப் பிடித்த வேலைக்கு அவனுக்கு உரிமை உண்டு.

வேலையைத் தேடும் முறை

1. ஒரு மாதம் கவனித்து எழுதுங்கள். சும்மா இருக்கும்போது என்ன செய்கிறார்? எதில் நேரம் போவது தெரியாமல் இருக்கிறார்? எதைக் கண்டால் ஓடுகிறார்? எழுதப் படிக்கத் தெரியாவிட்டால் மகளிடமோ ஊக்குநரிடமோ சொல்லி எழுதி வையுங்கள்.

2. அவரிடமே கேளுங்கள். பேச்சு வராதவர்களிடம் இரண்டு பொருளையோ இரண்டு படத்தையோ காட்டி எது வேண்டும் என்று கேட்கலாம். முகம் சுளிப்பதும் விலகிப் போவதும்கூடப் பதில்தான்.

3. வேலை செய்யும் இடத்தை முதலில் நீங்கள் போய்ப் பாருங்கள். சத்தம், நெடி, கூட்டம் எப்படி? வேலை சொல்பவர் ஒருவரா, பலரா? ஒதுங்கி உட்கார இடம் உண்டா?

4. ஒரு மணி நேரத்தில் ஆரம்பியுங்கள். பிறகு அரை நாள். ஒரு மாதத்துக்குள் முடிவு கட்டாதீர்கள்.

5. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துச் செய்து காட்டுங்கள். “நல்லாப் பண்ணு” என்றால் புரியாது. “இந்தக் கோடு வரைக்கும் மண் போடு” என்றால் புரியும்.

6. வேலை இடத்தில் அவரைப் புரிந்த ஒருவர் இருக்க வேண்டும். அவர் தாயாக இல்லாமல் இருப்பது நல்லது. தாய் இல்லாத நாளிலும் அந்த வேலை நடக்க வேண்டும் அல்லவா?

7. ஒத்துவரவில்லை என்றால் மாற்றுங்கள். அது தோல்வி இல்லை. நம்மில் எத்தனை பேர் இரண்டு மூன்று தொழில் மாறியிருக்கிறோம்!

கூலி விஷயம்

நாத்துப் பண்ணையில் முதலில் அவனுக்கு மற்றவர்களில் பாதிக் கூலிதான் கொடுத்தார்கள். அம்மாவே, “அவனுக்குப் பொழுது போனாப் போதும், காசெல்லாம் எதுக்கு” என்றார். ஊக்குநர் ஒத்துக்கொள்ளவில்லை. “நம்மள ஆம்பளைங்களுக்குப் பாதிக் கூலி வாங்கச் சொன்னா நாம சும்மா இருக்கமா?” என்று கேட்டார். எல்லாருக்கும் ஒரு பைக்கு இவ்வளவு என்று ஒரே கணக்கு வைத்தார்கள். எத்தனை பையோ அத்தனை கூலி.

சகோதரிகளே, இதில் நாம் கண்டிப்பாக இருக்க வேண்டும். கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதால் இவர்களிடம் கூலி இல்லாமல் வேலை வாங்குபவர்கள் உண்டு. கேலி செய்பவர்களும் தவறாக நடப்பவர்களும் உண்டு. ஆகவே அவர் பெயரிலேயே வங்கிக் கணக்கு தொடங்குங்கள். கூலியில் ஒரு பகுதியை அவர் விருப்பத்துக்குச் செலவு செய்ய விடுங்கள். அந்தப் பையன் முதல் கூலியில் டார்ச் லைட் வாங்கினான். வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருந்தது. இருக்கட்டுமே, இது அவன் சம்பாதித்தது. யாரிடம் பேசலாம், யார் எங்கே தொட்டால் உடனே வந்து சொல்ல வேண்டும் என்பதைப் படம் காட்டித் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுங்கள். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இருவருக்கும் இது வேண்டும்.

சட்டமும் உதவியும்

• 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசம் சேர்க்கப்படவில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்றுக்கொண்டது. அதில் ஆட்டிசமும் ஒன்று.

• அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீத இடம். அதில் 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சேர்த்து. இதற்கு 40 சதவீதத்துக்குக் குறையாத சான்று வேண்டும்.

• வறுமை ஒழிப்புத் திட்டங்களில் 5 சதவீதம் இவர்களுக்கு ஒதுக்க வேண்டும், அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை என்று அதே சட்டம் சொல்கிறது. கிராம சபையில் இதைக் கேளுங்கள்.

• எல்லாவற்றுக்கும் முதல் படி மருத்துவச் சான்றும் தேசிய அடையாள அட்டையும் (யு.டி.ஐ.டி.). மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் எந்த அரசு மருத்துவமனைக்கு, எந்த நாளில் போக வேண்டும் என்று சொல்லுவார்கள். பெரியவர்களுக்கும் சான்று உண்டு. வயதாகிவிட்டதே என்று விடாதீர்கள்.

• 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், 18 வயதுக்கு மேல் சட்டப்படி பாதுகாவலர் தேவைப்படுபவர்களுக்கு, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கும். எல்லாருக்கும் இது தேவைப்படாது. தானே முடிவெடுக்கக் கூடியவரின் உரிமையைப் பறித்துவிடக் கூடாது. அதே அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீட்டில் வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு பெறலாம்.

• சென்னை அருகே முட்டுக்காட்டில் 2005 முதல் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோர் நிறுவனம் இயங்குகிறது. பரிசோதனை, பயிற்சி பற்றி அங்கே விசாரிக்கலாம்.

• மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்புச் சுய உதவிக் குழுவை 5 பேரைக் கொண்டே தொடங்கலாம். அதில் ஆண், பெண் இருவரும் சேரலாம்.

குழுக் கூட்டத்தில் பேச

அடுத்த கூட்டத்தில் இந்த மூன்று கேள்விகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

1. நம் ஊரில் வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேருக்கு அடையாள அட்டை இருக்கிறது?

2. நம் குழுத் தொழிலில் ஒரே மாதிரி, நிதானமாக, கவனமாகச் செய்ய வேண்டிய வேலை எது? அதை யாருக்குக் கொடுக்கலாம்?

3. அதற்காக நாம் எதை மாற்ற வேண்டும்?

அந்த அக்காவை சமீபத்தில் பார்த்தோம். “இப்பவும் ராத்திரில அந்த நினைப்பு வருதுங்க, எனக்கப்புறம் என்னன்னு” என்றார். அந்தக் கவலை முழுசாகத் தீர்ந்துவிட்டது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால், “எனக்குக் காய்ச்சல்னு ரெண்டு நாள் படுத்துட்டேன். அவனே எந்திரிச்சு, சாப்பாட்ட எடுத்துக்கிட்டு, பண்ணைக்குப் போயிட்டு வந்துட்டான்” என்றும் சொன்னார்.

அந்த இரண்டு நாள் இன்னும் பல வீடுகளில் நடக்க வேண்டும். உங்கள் ஊர் அனுபவத்தை எங்களுக்கு எழுதுங்கள். எழுதச் சிரமமாக இருந்தால் கூட்டமைப்புக் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள். முதலில் கேட்ட அந்த அக்காவைப் போல.